படம் பெற்ற ஊர்களுக்கும் பெயர் உண்டு

டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் சுகா என்ற சிறிய ஷிண்டோ கோயில் இருக்கிறது. அதை ஒட்டி வீடுகளுக்கு நடுவே இறங்கும் படிக்கட்டும் அதன் சிவப்புக் கைப்பிடிக் கம்பியும் பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லை. மகோதோ ஷின்காய் இயக்கி 2016-இல் வந்த ‘யுவர் நேம்’ அனிமே படத்தில், ஒருவரையொருவர் தேடி அலைந்த இருவர் கடைசியில் எதிர்ப்படுவது அந்தப் படிக்கட்டில்தான். அன்று முதல் பல நாட்டுப் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். ஒருவர் மேற்படியிலும் ஒருவர் கீழ்ப்படியிலும் நின்று, திரும்பிப் பார்ப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஜப்பானியர் இதைத் தலயாத்திரை என்றே சொல்கிறார்கள். 2016-இல் தொடங்கிய அனிமே சுற்றுலாச் சங்கம், ஷிகோகு தீவின் 88 கோயில் யாத்திரைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு 88 அனிமே தலங்களைப் பட்டியல் போட்டது. தமிழில் பேசும் ஷின்சானைப் பார்த்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவன் ஊர் கசுகாபே என்று தெரியும். சைதாமா மாநிலத்தில் உள்ள அந்த நிஜ நகரம், 2004-இல் அவன் குடும்பத்தையே தன் சிறப்புக் குடிமக்களாகப் பதிவு செய்துகொண்டது.

வேலையில்லாத வேலை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஒதுக்குவதற்கு முன் அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே குண்டாற்றங்கரையில் இருக்கும் திருச்சுழியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 14-இல் அது ஒன்று. எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த சுந்தரர், சேரமான் பெருமாளோடு பாண்டிநாட்டுப் பக்கம் வந்தபோது திருமேனிநாதரைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். இன்றும் 276 தலங்களையும் பார்த்து முடிக்கும் கணக்கோடு புறப்படுகிறவர்களின் வேன் திருச்சுழியில் நிற்கிறது. அந்தக் கோயிலைவிடப் பெரிய கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. அவற்றுக்கெல்லாம் அந்த வேன் போவதில்லை. ஒரு கவிஞன் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாடினான் என்பதுதான் இங்கே வருவதற்குக் காரணம். இன்னொரு ஏற்பாடும் சைவ மரபில் உண்டு. வேறு ஊரில் பாடிய பதிகத்துக்குள் போகிறபோக்கில் பெயர் மட்டும் வந்த ஊர்களுக்கு வைப்புத்தலம் என்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். முழுப் பதிகம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பெயர் வந்தால் போதும். கதையிலோ பாட்டிலோ வந்த ஊரைத் தேடிப் போவது இந்த மண்ணுக்குப் புதிதே இல்லை. ஜப்பானில் இப்போது நடப்பது அந்தப் பழக்கத்தின் தங்கைதான்.

அதே திருச்சுழியில் இன்னொரு வீடும் இருக்கிறது. 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் என்ற பையன் அங்கே பிறந்தான். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. சுந்தர மந்திரம் என்ற பெயரில் காக்கப்படும் அந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வெயில் காயும் ஒரு சிற்றூரில் ஒரு வக்கீலின் வீடு, அவ்வளவுதான். அருவியும் மலையும் இல்லாத ஊருக்கு யார் வருவார்கள் என்ற கேள்விக்குத் திருச்சுழி ஏற்கெனவே இரண்டு முறை பதில் சொல்லிவிட்டது.

இந்த வறண்ட சீமையின் மற்ற ஊர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது 2023 மார்ச்சில், ஒன்றிய அரசின் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அங்கே 1,052 ஏக்கரில் அமையும் என்று அறிவிப்பு வந்தபோது. அந்தப் பூங்கா வரட்டும், வேலை கொடுக்கட்டும். ஆனால் ஓர் ஊர் வெளியுலகத்துக்கு ஏக்கர் கணக்காக மட்டுமே அறிமுகமாவதில் ஏதோ குறை இருக்கிறது. அங்கே மழை எப்போது வரும், கண்மாய் எந்த மாதம் வற்றும், பருத்திக் காட்டில் எந்நேரம் வேலை முடியும் என்பதைப் பற்றி ஏக்கர் கணக்கு ஒன்றும் சொல்லாது. கதை சொல்லும். இந்த நூற்றாண்டில் தமிழர்களுக்கு அதிகம் கதை சொல்வது சினிமா. ஆகவே ஊர்களைச் சினிமா எப்படி நடத்துகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

மோசமாகத்தான் நடத்துகிறது. தமிழ்ச் சினிமாவைக் கிராமத்துக்குக் கூட்டிப்போன படம் என்று கொண்டாடப்படும் ‘16 வயதினிலே’ (1977) பெரும்பாலும் கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகால் பக்கம் எடுக்கப்பட்டது. தென்மாவட்டத்து மண்ணின் கதையாக எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் ‘தேவர் மகன்’ (1992) பொள்ளாச்சியில் எடுத்தது. கோபிசெட்டிபாளையத்துக்குச் சின்னக் கோடம்பாக்கம் என்றே பெயர். வாய்க்காலும் வயலும் தென்னையும் வேண்டிய எல்லாக் கதைகளுக்கும் அந்த ஊர் தன்னைக் கொடுத்தது, பெரும்பாலும் வேறு ஏதோ ஊரின் பெயரில். பச்சை வேண்டுமென்றால் பொள்ளாச்சி, வறட்சி வேண்டுமென்றால் ராமநாதபுரம் விருதுநகர்ப் பக்கம், பெரிய வீடு வேண்டுமென்றால் காரைக்குடி என்று நிலம் ஒரு வாடகைப் பொருளாகிவிட்டது. படப்பிடிப்புக்கு ஊரைத் தயார் செய்யும்போது கலை இயக்குநரின் ஆட்கள் முதலில் கைவைப்பது பெயர்ப் பலகைகளில்தான். ரேஷன் கடைச் சுவரில் இருக்கும் ஊர்ப் பெயருக்கு மேல் சுண்ணாம்பு பூசி, கதையில் வரும் கற்பனை ஊரின் பெயரை எழுதுவார்கள். பஸ்ஸின் நெற்றிப் பலகையும் மாறும். டைட்டிலில் நன்றி சொல்லும் இடத்தில் ஃபைனான்சியர், அமைச்சர், ரசிகர் மன்றம் எல்லாம் போன பிறகு, ‘ஊர்ப் பொதுமக்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி வரும். எந்த ஊர்?

அனிமே இங்கேதான் வேறு பாதையில் போகிறது. காமிரா வைத்து எடுக்கும் படத்தில், தெருவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அது தானாகவே சட்டகத்துக்குள் வந்துவிடும். அதற்காக யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கையால் வரையும் படத்தில் எதுவும் தானாக வராது. மின்கம்பியின் தொய்வு, ரயில் கேட்டின் மஞ்சள் கறுப்புப் பட்டை, கடை வாசலில் நிற்கும் குளிர்பான இயந்திரம் என்று ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து, நிஜ இடத்தின் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார்கள். ஆகவே பார்ப்பவருக்கு அந்தக் கம்பி நிஜமாகவே அங்கே அப்படித்தான் தொங்குகிறதா என்று போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. காமகுரா நகரின் கடலோரத்தில் ஓடும் எனோடென் ரயில்பாதையில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் பெயரைத் தாங்கிய சின்ன ஸ்டேஷனுக்கு அருகே ஒரு லெவல் கிராசிங். 1993-இல் தொடங்கிய ‘ஸ்லாம் டங்க்’ தொடரின் தொடக்கப் பாட்டில் அது வந்தது. பச்சை நிற ரயில் குறுக்கே போக, பின்னால் கடல் தெரியும் அந்தச் சில விநாடிகளுக்காக இன்றைக்கும் கூட்டம் கூடுகிறது.

ஜப்பானியர் எல்லா ஊரையும் நிஜப் பெயரிலேயே காட்டிவிடுகிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ‘யுவர் நேம்’ படத்தின் மலைக்கிராமத்துக்கு வைத்த பெயர் கற்பனை. ஆனால் ரயிலிலிருந்து இறங்கும் ஹிதா ஃபுருகாவா ஸ்டேஷன் நிஜம். 2007-இல் வந்த ‘லக்கி ஸ்டார்’ தொடரில் வரும் கோயிலின் பெயரும் மாற்றப்பட்டதுதான். அதன் மூலம் சைதாமாவின் வாஷினோமியா கோயில் என்று ரசிகர்கள் கண்டுபிடித்துப் போனார்கள். உள்ளூர் வணிகர் சங்கம் அவர்களை விரட்டாமல் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டுப் புத்தாண்டில் அந்தக் கோயிலுக்கு மூன்று லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. ஊர்த் திருவிழாவில் ரசிகர்கள் தூக்கிவருவதற்கென்றே தனியாக ஒரு சப்பரமும் ஏற்பாடாயிற்று. 2011 சுனாமியில் அடிபட்ட ஓஅராய் என்ற கடலோர ஊரோ, அடுத்த ஆண்டு வந்த ‘கேர்ள்ஸ் உண்ட் பான்ஸர்’ தொடரில் தன் சொந்தப் பெயரிலேயே வந்தது. கடைக்கு ஒரு பாத்திரம் என்று ஆளுயரப் பலகைகளை வாசலில் வைத்து, வருகிறவர்களைக் கடை கடையாக நடக்க வைத்தார்கள். கதைக்குள் பெயர் மாறலாம். இடத்தை உள்ளபடி காட்டி, கதைக்கு வெளியே அது இன்ன ஊர் என்று ஒத்துக்கொண்டால், ஊருக்கு அதன் பங்கு கிடைத்துவிடுகிறது. தமிழ்ச் சினிமாவிடம் கேட்க வேண்டியதும் அவ்வளவுதான்.

இதற்கு முதலில் எழும் ஆட்சேபம் கூட்டம். கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் சாத்தானின் சமையலறை என்று பெயரிட்டிருந்த பாறைப் பிளவு, 1991-இல் ‘குணா’ வந்த பிறகு குணா குகை ஆனது. ஒரு படம் ஓர் இடத்தின் பெயரையே மாற்றிவிட்டதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அங்கே உயிர்ப்பலிகள் நடந்தன. கம்பி வேலி போட்டு அடைத்தார்கள். 2006-இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் உள்ளே விழுந்து மீட்கப்பட்ட உண்மைச் சம்பவம், 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ ஆனது. படம் ஓடியதும் கொடைக்கானலுக்கு மறுபடி கூட்டம் திரண்டது. படத்தில் கண்ட குகையின் உட்புறம் கேரளத்தில் போட்ட செட் என்பது அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? காமகுரா கிராசிங்கிலும் ரோட்டில் இறங்கி நின்று படம் எடுப்பவர்களை ஒழுங்குபடுத்தக் காவலாட்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. ‘3 இடியட்ஸ்’ (2009) படத்தால் பெயர் பெற்ற லடாக் பள்ளி, பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடுவதை 2018-இல் நிறுத்திக்கொண்டது.

இந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை. ஆபத்தான இடமும் பள்ளிக்கூடமும் யாத்திரைக்கு உரியவை அல்ல; அங்கே வேலி வேண்டும், மறுப்பும் வேண்டும். மீதிப் பாதியில் இந்த உதாரணங்களே வேறு ஒன்றைக் காட்டுகின்றன. கூட்டம் நெரிவது, பார்க்க ஒரே ஓர் இடம் இருக்கும்போது. ஒரு குகை, ஒரு கிராசிங், ஒரு பள்ளிக்கூடம். தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்ட ஊர்களின் பெயர்கள் வெளியே தெரியாததால், தெரிந்த இரண்டு மூன்று இடங்களிலேயே எல்லாரும் போய் விழுகிறார்கள். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ பார்த்த பிள்ளைகள் ஆலப்புழை மாவட்டத்துப் புளிங்குன்னு தேவாலயத்தைத் தேடிப் போவது அந்தப் பெயர் எப்படியோ பரவிவிட்டதால். அதே அளவு மனதில் நின்ற நூறு காட்சிகளுக்கு விலாசமே இல்லை. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போக 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வாங்க வேண்டும். மலைகள் தாங்கவில்லை என்பதுதான் அதன் பொருள். சமவெளியில், விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்குப் போகும் ரயில்பாதையில், நாளைக்குப் பத்துப் பேர் கூடுதலாக இறங்கினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது, சினிமாக்காரர்களே சொல்வது. தமிழ்நாட்டில் ஊர்ப் பெயர் வெறும் பெயரா? இன்ன ஊர் என்றதும் இன்ன சாதி, இன்ன தெரு, இன்ன பழைய வழக்கு என்று கேட்பவர் மனதில் ஓடிவிடும். வெட்டும் குத்தும் உள்ள கதைக்கு நிஜ ஊரின் பெயரை வைத்தால் மறுநாள் சுவரொட்டி ஒட்டுவார்கள், அதற்கடுத்த நாள் கோர்ட்டுக்குப் போவார்கள். 1995-இல் போலீஸ் வன்முறைக்கு ஆளான கொடியன்குளத்தை நினைவூட்டும் ‘கர்ணன்’ (2021), ஊரின் பெயரைப் பொடியன்குளம் என்று வைத்துக்கொண்டது. பயத்துக்கும் காரணம் இருக்கிறது. இருந்தாலும் அந்த ஓரெழுத்து மாற்றம் யாரையாவது ஏமாற்றியதா என்று யோசித்தால், பெயரை மறைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். எடுத்த இடத்தின் பெயரைப் படத்தின் முடிவில் எழுதச் சொல்வது கதை நடக்கும் ஊரைச் சொல்லச் சொல்வதாகாது. கதை பொடியன்குளத்திலேயே நடக்கட்டும்.

இதில் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. வறண்ட காடு என்றாலே கருவேல முள், அருவா, பஞ்சாயத்து, பழிக்குப் பழி என்று வருஷத்துக்குப் பத்துப் படம் வருகிறது. இந்த லட்சணத்தில் பெயரையும் போட்டால் ஊர் மானம் போகாதா என்கிறார்கள். போகிற மானம் பெயர் போடாமலே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ராமநாதபுரம் என்றும் விருதுநகர் என்றும் மாவட்டத்துக்கே மொத்தமாகப் போகிறது. ஊரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தால், எடுப்பவர் அங்கே இருப்பதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிறது. சுற்றுவட்டாரத்துக் காடுகளில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுகிறார்கள். களிமண் பூசிய மூட்டத்தின் ஓட்டைகளில் வெளிவரும் புகையின் நிறத்தைப் பார்த்து, உள்ளே விறகு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஓர் அனிமே ஓவியர் அந்த மூட்டத்தைக் கண்டிருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்திருப்பார். நம் படங்களில் அது வில்லன் ஒளிந்துகொள்ளும் இடமாக வரும். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் ‘வெயில்’ (2006) என்று வெயிலையே தலைப்பாக்கினார். ச.தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையிலிருந்து சசி எடுத்த ‘பூ’ (2008) இந்தக் கரிசல் பெண்ணின் மனசைச் சொன்னது. மேலூர் வட்டாரத்துப் பொட்டல் வெளியில் ஒரு தகப்பனையும் மகனையும் நடக்கவிட்டு வினோத்ராஜ் எடுத்த ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதைப் பெற்றது. அந்தப் படத்தில் நிலத்தின் சூடு கால் வழியாக ஏறுகிறது. அத்தனை கவனத்தோடு காட்டப்பட்ட பாதை எங்கே இருக்கிறது என்று தேடிப் போக ஆள் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தண்ணீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் ஊருக்கு சினிமா யாத்திரை ஒரு கேடா என்பது இன்னொரு கேள்வி. தண்ணீர் தர வேண்டியது அரசின் கடமை. அதைச் செய்ய டைட்டிலில் பெயர் வர வேண்டியதில்லை, பெயர் வந்ததால் அது நின்றுபோகவும் போவதில்லை. வருமானம் என்று பார்த்தால் டீக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் ஆட்டோவுக்கும் கொஞ்சம் கிடைக்கும். அதற்கு மேல் நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்; அலை எப்போது ஓயும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறிப்பாக சுற்றுலாத் துறை இதில் உற்சாகம் காட்டாமல் இருப்பது நல்லது. ‘நம்ம’ என்று தொடங்கி ஊர்ப் பெயரோடு முடியும் ஆளுயர ஒளிரும் எழுத்துகளைக் கண்மாய்க் கரையில் நட்டுவிட்டால், எதைப் பார்க்க வந்தார்களோ அது அந்த எழுத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. அரசுக்கு உரிய இடங்களில் படம் எடுக்க அனுமதி வாங்கத்தான் வேண்டும், கட்டணமும் கட்டுகிறார்கள். சிறு முதலீட்டில் தரமான படம் எடுப்பவர்களுக்கு அரசு மானியமும் தருகிறது. அந்த அனுமதிக் கடிதத்திலும் மானிய விதியிலும் ஒரு வரி சேர்த்தால் போதும்: எந்தெந்த ஊர்களில் படம் எடுக்கப்பட்டதோ அவற்றின் பெயர்கள், வட்டம், மாவட்டத்தோடு, படிக்கக்கூடிய அளவில், படிக்கக்கூடிய நேரம் திரையில் நிற்க வேண்டும். துணை நடிகர் பெயரும் லைட்மேன் பெயரும் வரும்போது ஊர்ப் பெயர் வருவதில் தயாரிப்பாளருக்கு நயா பைசா செலவில்லை. விரும்பாத ஊருக்கு, பெயர் வேண்டாம் என்று கிராமசபையில் சொல்லும் உரிமையும் இருக்கட்டும். நடைமுறையில் ஒரே ஒரு சிக்கல் வரும். படம் எடுக்கும் இடம் பெரும்பாலும் தாய்க்கிராமமாக இருக்காது. ஊராட்சியின் பெயர் ஒன்றாக, காமிரா நின்ற குக்கிராமத்தின் பெயர் வேறொன்றாக இருக்கும். எழுதுவதற்குச் சுலபம் என்று ஊராட்சியின் பெயரைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு இடம் கொடுக்காமல், பஸ் நின்று போகாத அந்தக் குக்கிராமத்தின் பெயரையே முதலில் எழுத வேண்டும் என்று விதியில் சேர்க்க வேண்டும்.